சத்தமில்லாத அடி

அத்தியாயம் 9

சென்ற வாரம் லோகாம்பாளை எதிர்வீட்டு ஜன்னலில் நிறுத்திவிட்டுப் போனோம். அங்கிருந்து அவள் பார்த்தது இதுதான். மருமகள் பாக்கியலக்ஷ்மி கரண்டியை ஓங்குகிறாள். மகன் கல்யாணராமன் தரையில் விழுகிறான். மருமகள் அவன் மார்பில் கால் வைக்கிறாள்.

பார்த்துவிட்டு லோகாம்பாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டி உன்னை அடிக்கிறாளா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

தவிர, அந்த வீடு பேச ஏற்ற வீடு இல்லை. மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது. காலையில் மில் ஓட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை ஓயாது. மேலே ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். பலகையில் வைத்த பாத்திரங்கள் தாமே மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வரும். அவற்றை அவ்வப்போது பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்களின் வேலைகளில் அதுவும் ஒன்று.

லோகாம்பாளுக்கு இன்னொரு தொந்தரவும் இருந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் காணோம். ஒரு பக்கக் காது உடைந்து, நூல் கட்டித் தலையில் மாட்டிக்கொள்ளும் பழைய கண்ணாடி. அது போன அதே வாரத்தில், எரிசேரிக் கூட்டுக்கு வாங்கி வைத்த மஞ்சள் மத்தங்காயும் போயிற்று. அழுகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்று பாக்கியலக்ஷ்மி சொன்னாள். வாங்கும்போது கல்லு மாதிரி இருந்த பரங்கிக்காய்.

கண்ணாடி இல்லாமல் லோகாம்பாளுக்கு உலகம் குழம்பிய கோலம். ஆனாலும் மகன் விழுந்தது தெரியாமல் போகுமா?

கல்யாணராமன் ஒரு ஃபிலிம் சொஸைட்டியில் புரொஜக்டர் ஓட்டுபவன். வேலை சாயங்காலம்தான். பகலில் வீட்டில் உட்கார்ந்து அறுந்த ரீல்களை ஒட்டுவான். லோகாம்பாள் ஒரு குஜராத்தி மிளகு வியாபாரியின் வீட்டில் சமையல்காரி. காலையில் போனால் மத்தியானம் திரும்புவாள். இடைப்பட்ட நேரத்தில் புதுமணத் தம்பதிகள் தெருக்கதவைத் தாழ் போட்டுக்கொள்வார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தால் அது அவர்கள் பாடு.

அவர்கள் சினிமா ஆடினார்கள்.

ஒட்டுவதற்காக வந்த ரீல்களில் ஒன்று பேசாத காலத்துப் படம். எந்த ஊர்ப் படமோ, தலைப்பு இருந்த துண்டு எப்போதோ அறுந்து போயிருந்தது. கல்யாணம் ஆகிப் புது வீட்டுக்கு வருகிற ஒரு ஜோடி. கட்டைப் புருவம் வைத்த புருஷன், சுருட்டை முடிக்காரப் பெண்டாட்டி, வட்டக் கண்ணாடி போட்ட குண்டு மாமியார். புருஷன் அடுப்பு மூட்டப் போய் வீடு புகைகிறது. பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறான், பெண்டாட்டி விழுகிறாள். அவள் எழுந்து அடிக்கிறாள், அவன் விழுகிறான். மாமியார் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறாள். எல்லார் முகத்திலும் வெள்ளைப் பவுடர்.

லோகாம்பாள் தேவரையில் தங்கை வீட்டில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்த நாளில் கல்யாணராமன் அதைச் சமையலறைச் சுவரில் ஓட்டிக் காட்டினான். பெண் பார்த்த நாளிலிருந்து பாக்கியலக்ஷ்மி அவன் எதிரில் சிரித்ததே இல்லை. அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மில் ஓட ஆரம்பித்ததும் அவளே கரண்டியைக் கையில் எடுத்தாள்.

அவர்களுக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் அவள் அடிப்பாள், அவன் விழுவான். மறுநாள் மாற்றி ஆடுவார்கள்.

நேற்று லோகாம்பாள் பார்த்தது மருமகள் அடிக்கும் நாள். இன்று அவன் முறை.

இன்றுதான் கோயம்புத்தூரிலிருந்து பாக்கியலக்ஷ்மியின் அப்பா நீலகண்டன் வந்து சேர்ந்தார்.

அவரை நாளைக்குத்தான் எதிர்பார்த்தார்கள். கல்யாணம் ஆகி வரும் முதல் ஆடியில் பெண் புக்ககத்தில் இருக்கக்கூடாது, ஆடி பிறப்பதற்கு முன்னால் பிறந்தகத்தார் வந்து அழைத்துப் போக வேண்டும். லோகாம்பாள் வீட்டில் தொங்குவது மலையாளக் காலண்டர். அதில் ஆடிக்குக் கர்க்கடகம் என்று பெயர், பிறப்பது நாளை மறுநாள். நீலகண்டன் வைத்திருப்பது தமிழ்ப் பஞ்சாங்கம். சில வருஷங்களில் இரண்டும் ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். அவர் கணக்கில் ஆடி நாளைக்கே.

எறணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கி, படகில் மட்டாஞ்சேரிக்கு வந்து, மழையில் நனைந்துகொண்டே சந்துக்குள் நுழைந்தார். குடை இருந்தது. காற்று அதை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தது. ஒரு கையில் மாம்பழக்கூடை. மில் வாசலை ஒட்டிய மாடிப்படிக் கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். நனைந்த மனுஷன் மீது மில்லிலிருந்து பறந்த அரிசி மாவு அப்பிக்கொண்டது. தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை.

"சாமி, அங்கன தட்டுனா விடியிற வரைக்கும் தட்டணும்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். சந்தின் எதிர்ப்பக்க மாடியில் முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இஞ்சிக் கிடங்கில் வேலை. மழை நாளில் இஞ்சி காயாது, அதனால் வேலையும் கிடையாது, ஜன்னல்தான். அவர் காதில் விழவில்லை என்று தெரிந்ததும் கையை ஆட்டி மேலே வரச்சொன்னாள்.

நீலகண்டன் ஏறிப் போனார்.

"இங்கன நின்னு கையாட்டும். பாத்தாவன்னா எறங்கி வருவாவ. ஆனா இப்பம் பாக்க மாட்டாவ. ஆட்டம் நடக்குல்லா."

அவள் சொன்னது நீலகண்டனுக்குப் புரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார்.

சந்து அவ்வளவு அகலம் இல்லை. எதிர் ஜன்னலில் சமையலறை முழுசாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை, மில் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. தன் பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மாப்பிள்ளை உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். திரும்பினான். உலக்கை அவள் தலைப்பக்கம் போயிற்று. அவள் மரம் மாதிரி மல்லாக்க விழுந்தாள். எழுந்தாள். மாப்பிள்ளை மறுபடி திரும்பினான். மறுபடி விழுந்தாள்.

நீலகண்டன் கூச்சல் போட்டார். அது அவருக்கே கேட்கவில்லை. ஒரு மாம்பழத்தை எடுத்து எறிந்தார். ஜன்னல் கம்பியில் பட்டுச் சிதறிக் கீழே விழுந்தது. முப்பிடாதி துணி காயப்போடும் மூங்கில் மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்துச் சந்தின் குறுக்கே நீட்டினார். எதிர் ஜன்னல் கம்பிக்குள் அது நுழைந்து, குனிந்திருந்த மாப்பிள்ளையின் பின்புறத்தில் குத்தியது.

கல்யாணராமன் நிமிர்ந்து, தரையில் கிடந்த பெண்டாட்டியைச் சந்தேகமாகப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவன் மறுபடி குனிந்தான். மறுபடி ஒரு குத்து.

இந்தத் தடவை பாக்கியலக்ஷ்மி எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். எதிரே மூங்கிலைப் பிடித்தபடி, முகமெல்லாம் வெள்ளையாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர். சுவரில் ஓடிய படத்திலிருந்து யாரோ இறங்கி வந்துவிட்டார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். பிறகு மீசை அடையாளம் தெரிந்தது.

கதவைத் திறக்க அவள் கீழே ஓடி வந்தபோது அங்கே இரண்டு பேர் நின்றார்கள். அப்பா இறங்கி வந்துவிட்டிருந்தார். குஜராத்தி வீட்டுச் சமையலை முடித்துவிட்டு மாமியாரும் வந்து சேர்ந்திருந்தாள். கண்ணாடி இல்லாத லோகாம்பாள், வெள்ளையாக நின்றவர் மில் ஆள் என்று நினைத்து, நகரச்சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த மரியாதையோடுதான் சம்பந்திகள் மாடி ஏறினார்கள்.

மேலே போய் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தரை அதிர்ந்தது, பாத்திரங்கள் கிணுகிணுத்தன. ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. நீலகண்டன் உலக்கையை எடுத்து, இப்படித்தானே உங்கள் பிள்ளை அடித்தான் என்று ஓங்கிக் காட்டினார். தன் மகனை அடிக்க வருகிறார் என்று லோகாம்பாள் எடுத்துக்கொண்டாள். உடனே கரண்டியைப் பிடுங்கி, இப்படித்தானே உங்கள் பெண் அடித்தாள் என்று ஓங்கிக் காட்டினாள். தன் பெண்ணுக்கு இந்த வீட்டில் தினமும் நடப்பதை மாமியாரே ஒப்புக்கொள்கிறாள் என்று நீலகண்டன் எடுத்துக்கொண்டார். உலக்கையும் கரண்டியும் தலைக்கு மேலே நின்றன.

நடுவில் நின்ற கல்யாணராமன் குனிந்துகொண்டான். அது பழக்கம்.

அப்போது கரண்ட் போயிற்று.

மில் ஒரு தரம் முனகி நின்றது. பகலில் அந்தச் சந்து இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த லோகாம்பாளின் வாக்கியம் முழுசாகப் போய் விழுந்தது.

"உங்க பொண்ணு என் புள்ளையைக் கீழே தள்ளி மாரிலே காலை வெக்கறா."

கீழே மாவுக்காகக் காத்திருந்தவர்கள் தலை தூக்கினார்கள். லோகாம்பாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீலகண்டன் உலக்கையைச் சுவரில் சாத்தினார்.

"சம்பந்தி, கண்ணாடி இல்லாம நீங்கோ என்னத்தைப் பார்த்தேள்? நான் ரெண்டு கண்ணாலயும் இப்போ பார்த்துட்டு வரேன். உலக்கையாலே அடிக்கறான். என் பொண்ணு விழறா."

"என் புள்ளை ஒரு எறும்பை அடிக்கமாட்டான்."

"எறும்பை அடிக்கமாட்டான். அதுக்கு உலக்கை வேண்டாமே."

"நேத்தைக்கு நான் பார்த்தது வெறுதேயா? கண்ணு மங்கல்தான். யாரு நிக்கறா, யாரு கிடக்கறான்னு தெரியாதா?"

"செரி. நீங்கோ பார்த்ததும் நெஜம், நான் பார்த்ததும் நெஜம்னா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கொன்னுண்டிருக்கு. பாக்யம், பொட்டியைக் கட்டு. ஆடிக்கு மட்டும்னு வந்தேன். இனிமே இங்கே அனுப்பறதா இல்லை."

"தாராளமா கூட்டிண்டு போங்கோ" என்றாள் லோகாம்பாள். "ஆவணி பொறந்தா கொண்டு விடணும்னு ஒண்ணும் இல்லை."

சொல்லி முடித்தாயிற்று. பெண்ணை ஆடிக்கு அனுப்பும்போது, ஆவணியில் கொண்டு வந்து விடுங்கள் என்று மாமியார் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் அது வேறு மாதிரி அனுப்புவது. நான்கு பேருக்கும் அது தெரியும்.

கல்யாணராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாக்கியலக்ஷ்மிக்கு அவனைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் சொல்லமாட்டான். பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஊர் சொன்னாலும் பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறவன் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வான். பெண்டாட்டியோடு விளையாடுகிறவன் என்று அம்மா எதிரில் நிற்க அவனால் முடியாது. அவளுக்கும் வெட்கம்தான். ஆனால் பெட்டி கட்டவேண்டியது அவள்.

"அப்பா, அடி ஒண்ணும் இல்லை. விளையாட்டாக்கும்."

"என்னது?"

"விளையாட்டு. ஒரு சினிமா. பேசாத சினிமா. அதுல வரமாதிரி நாங்களும்..."

"கல்யாணம் ஆன பொண்ணுக்கு உலக்கையை வெச்சுண்டு என்ன விளையாட்டு? புருஷனுக்குப் பயந்து சொல்றயா?"

"அவரைப் பார்த்து யாருப்பா பயப்படுவா?"

லோகாம்பாள் மகனிடம் திரும்பினாள். "இவள் பறயறது சத்தியமாடா?"

கல்யாணராமன் சுவரிடமே இருந்தான்.

பாக்கியலக்ஷ்மி மாமியார் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டாள். புடவையை இழுத்துச் செருகினாள். "கேட்டேளா, இங்கே திரும்புங்கோ" என்றாள் புருஷனிடம்.

"வேண்டாம், பாக்யம்."

"திரும்புங்கோ."

அவன் திரும்பினான். அவள் கரண்டியை வீசினாள். அது அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே போயிற்று. அவன் விழவேண்டும் என்று நினைக்கவில்லை. உடம்பு தானாக விழுந்தது. கால் இரண்டும் முதலில் வானத்துக்குப் போயின, பிறகு முதுகு, பிறகு தலை. எழுந்தான். அடிபடாத மறு கன்னத்தைக் காட்டினான். அவள் இந்தப் பக்கம் வீசினாள். இந்தப் பக்கம் விழுந்தான். கையைக் கூப்பினான். அவள் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு அவன் மார்பில் வைத்தாள்.

மில் இல்லாமல் ஆடியது இதுவே முதல் தடவை. முதுகு தரையில் படும் சத்தம் அவர்களுக்கே புதிது.

எதிர் ஜன்னலில் முப்பிடாதி சிரித்தாள். அதுவும் முழுசாகக் கேட்டது.

"இதுக்கு மேல ஒரு ஆட்டம் உண்டும் சாமி" என்று நீலகண்டனிடம் சொன்னாள். "இவ அடுப்ப ஊதுவா, அவரு மயங்கி விழுவாரு. தெனமும் பாக்கேன். மாமிய நேத்து நாந்தான் பாக்கக் கூப்ட்டேன். சிரிப்பாவன்னு பாத்தா, மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிட்டாவ."

நீலகண்டன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அடி இல்லை என்பது வரைக்கும் புரிந்தது. மீதி புரியவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலை அப்பா" என்றாள் பாக்கியலக்ஷ்மி. "விழுந்தா சிரிப்பு வரது."

லோகாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை அடித்திருந்தால் கூட அவளுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"எத்தனை நாளா நடக்கறது இது?"

"கொஞ்ச நாளா, அம்மா" என்றான் கல்யாணராமன், கிடந்த இடத்திலிருந்தே.

"நான் அங்கே கண்டவா ஆத்துல புகையிலே நின்னுண்டிருக்கேன். இங்கே நீங்க ரெண்டு பேரும் சினிமா ஆடிண்டிருக்கேள்."

பாக்கியலக்ஷ்மி அவன் மார்பிலிருந்து காலை எடுத்தாள்.

"உங்கப்பா" என்றாள் லோகாம்பாள். நிறுத்தினாள். "உங்கப்பா ஒரு நாளும் எனக்காக விழுந்து காட்டினதில்லை."

அது கோபமா, வேறு ஏதாவதா என்று மகனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. மூக்கைப் புடவையால் துடைத்துக்கொண்டாள். அதற்கு மில் மாவு காரணமாக இருக்கலாம்.

"எழுந்திருடா. சம்பந்திக்குத் துவர்த்து எடுத்துக் குடு, துடைச்சுக்கட்டும். பாக்யம், சாயாவுக்கு வெள்ளம் வை."

நீலகண்டன் மாவு ஒட்டிய மீசையைத் தொட்டுப் பார்த்தார். "சாயா இருக்கட்டும். ஆடி நாளைக்குப் பொறக்கறது. இன்னிக்கு ராத்திரிக்குள்ளே ஆத்துக்குப் போய்ச் சேரணும்."

"உங்க பஞ்சாங்கத்துலே. பொண்ணு இருக்கறது எங்காத்துலே. எங்க காலண்டர்லே நாளைக்கும் மிதுனம்தான், உங்க ஆனி. கர்க்கடகம் நாளன்னைக்கு. நாளைக்குக் காலம்பற கூட்டிண்டு போங்கோ. ராத்திரி நாம ரெண்டு பேரும் தேவரைக்கு என் தங்கை ஆத்துக்குப் போய்ப் படுத்துக்கலாம். இங்கே படுக்க இடம் இல்லை."

இடம் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

"ஆவணி..." என்று இழுத்தார் நீலகண்டன்.

"ஆவணி ஒண்ணாம் தேதி நானே கோயம்புத்தூர் வந்து கூட்டிண்டு வரேன். போறுமா?"

பாக்கியலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அத்தோடு இந்த வாரம் முடிந்திருக்கலாம். லோகாம்பாள் சும்மா இருந்திருந்தால்.

"அது சரி" என்றாள் அவள், சாயா டம்ளரை ஊதியபடி. குரலில் லேசாக ஒரு சிரிப்புக்கூட இருந்தது. "அந்தச் சினிமாவிலே மாமியார் உண்டோ?"

கல்யாணராமன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி பால் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"உண்டு, அம்மா."

"அவளும் விழறாளோ?"

"தண்ணித் தொட்டியிலே."

"நன்னாயிருக்கு. ஆம்படையான் நீ, ஆம்படையாள் அவள். மாமியார் வேஷம் யாரு கட்டறா?"

பாக்கியலக்ஷ்மியின் கண் தன்னை அறியாமல் பரணுக்குப் போயிற்று. உடனே இறங்கிவிட்டது. மாமியாருக்குக் கண் மங்கல், பார்த்திருக்கமாட்டாள். அப்பா பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது.

கீழே பெல்ட் ஒரு சுற்றுச் சுற்றியது, மில் பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. பலகையில் பாத்திரங்கள் நடக்க ஆரம்பித்தன. பரணில், பழைய முறத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஏதோ ஒன்று, முறத்தைத் தள்ளிக்கொண்டு மெல்ல விளிம்புக்கு வந்தது.

மஞ்சள் மத்தங்காய். அதன் நெற்றிக்குக் கீழே, நூலால் இறுக்கிக் கட்டிய வட்டக் கண்ணாடி. தலையில் லோகாம்பாளின் பழைய புடவைத் துண்டால் ஒரு முக்காடு.

அது நேராக லோகாம்பாளின் தலைக்கு மேலே இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த அண்டா.

பாக்கியலக்ஷ்மி புருஷனுக்குக் கண்ணால் காட்டினாள். அவன் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அம்மாவுக்குப் பின்னால் வந்தான். நீலகண்டன் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்து, பரணைப் பார்த்து, மறுபடி அவனைப் பார்த்தார். எதிர் ஜன்னலில் முப்பிடாதி கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

லோகாம்பாள் தலையை உயர்த்தினாள். மங்கலான கண்ணுக்கு மேலே ஒரு மஞ்சள் முகம் தெரிந்தது. முக்காடு போட்ட முகம். அதில் இரண்டு வட்டங்கள் மினுங்கித் தன்னையே பார்த்தன. அவள் கண்ணைச் சுருக்கினாள். மருமகள் பக்கம் திரும்பினாள். வாய் அசைந்தது.

சத்தம் கேட்கவில்லை. ஆனால் பேசாத படத்தை அத்தனை நாள் ஆடிய மருமகளுக்கு உதட்டை வைத்தே தெரிந்தது.

யாருடி அது?

பாக்கியலக்ஷ்மி பதில் சொன்னாள். மில் ஓடிக்கொண்டிருந்தது.